செக் நாட்டு வாத்தியாரின் கல்யாண ஒலிநாடா

2009ஆம் ஆண்டின் அந்த மே மாதம் முழுவதும் நான் தொலைபேசியைச் சட்டைப்பையில் போடவே இல்லை. கையிலேயே வைத்திருந்தேன். சாப்பிடும்போது கோப்பைக்குப் பக்கத்தில் இருக்கும், குளிக்கும்போது குளியலறை யன்னலில் இருக்கும், கார் ஓட்டும்போது தொடைக்குக் கீழே இருக்கும். "எங்கட பிள்ளையளைக்கூட நீங்கள் உப்பிடித் தூக்கித் திரிஞ்சதில்லை" என்றாள் மனைவி. வேறு நாளாக இருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அந்த நாட்களில் எனக்குப் பகிடியும் பிடிக்கவில்லை, ஆறுதலும் பிடிக்கவில்லை.

என் கடைசித் தங்கச்சியும் அவள் கணவரும் மகளும் யுத்தத்துக்கு நடுவில் முள்ளிவாய்க்காலில் கடற்கரையோடு அடைபட்டுக் கிடந்தார்கள். அங்கே யாரோ ஒருவரிடம் செய்மதியோடு நேரே பேசுகிற சற்றலைற் போன் இருந்தது. ஷெல்லடி ஓய்ந்த நேரம் பார்த்து அவர் ஆட்களுக்கு முறை வைத்துக் கொடுப்பார். தங்கச்சிக்கு மனப்பாடமாக இருந்தது என் கைத்தொலைபேசி இலக்கம் ஒன்றுதான். அவளாக அழைப்பு எடுத்தால்தான் உண்டு; நாங்கள் திருப்பி எடுக்க வழியில்லை. ஏப்ரலில் ஒருமுறை அவள் எடுத்தபோது நான் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தேன். காரை ஓரம் கட்டுவதற்குள் மணி நின்றுவிட்டது. அடுத்த அழைப்பு வரும்வரை நான் மனிதனாக இருக்கவில்லை. வந்தபோது அவள் முதலில் சொன்னது இதைத்தான்.

"அண்ணை, நான் எடுத்தால் உடனே தூக்குங்கோ. ஒருக்காத் தவறினால் பிறகு எப்ப முறை வருமெண்டு தெரியாது."

"இனித் தவறாதடி. கையிலதான் வைச்சிருப்பன்."

"கதைக்க ஒண்டுமில்லாட்டியும் தூக்குங்கோ. உங்கட குரலைக் கேட்டால் போதும்."

அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாகச் செய்திகளில் வந்தன. கடைசியில் ஒரு துண்டுக் கடற்கரைதான் மிச்சம் என்றார்கள். என் மனைவி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தினமும் சப்வே ரயிலில் நகரத்துக்குப் போய், யுத்தத்தை நிறுத்தச் சொல்லி வீதியில் நின்று கத்திவிட்டு, தொண்டை அடைத்துப்போய் வீடு திரும்புவாள். நான் ஒருநாள் போனேன். கூட்டத்தின் சத்தத்தில் மணி கேட்காமல் போய்விடுமோ என்று பயந்து பாதியில் திரும்பிவிட்டேன். "நீங்கள் வரவே இல்லையே" என்று தெரிந்தவர்கள் கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன்.

வீட்டில் இருந்தால் தொலைக்காட்சியோடு சண்டை பிடிக்க வேண்டியிருந்தது. அதனால் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் கடை. முன்னறையில் கல்யாண, பூப்புனித நீராட்டு விழா அல்பங்கள் அடுக்கியிருக்கும். பின்னறைதான் ஸ்ரூடியோ. சுவரெல்லாம் பஞ்சுப் பலகை அடித்து, வெளிச்சத்தம் உள்ளே வராமலும் உள்சத்தம் வெளியே போகாமலும் செய்து வைத்திருந்தேன். பழைய கசெற்றுகளையும், ரேப் என்று நாங்கள் சொல்லும் சுருள் ஒலிநாடாக்களையும் சீடியாக மாற்றிக் கொடுப்பது என் வேலை.

ஒரு திங்கட்கிழமை காலையில் ஒரு வெள்ளைக்கார அம்மா படியேறி வந்தார். அறுபது தாண்டியிருக்கும். கேக் வைக்கிற பெரிய தகரப்பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார். பார்க்டேலில் அவர் குடியிருக்கும் கட்டடத்தைப் பராமரிக்கிற சுப்பரின்ரென்டன் எங்கள் தமிழ் ஆள். அவர்தான் என் கடையைச் சொல்லி அனுப்பியிருந்தார். பெட்டிக்குள் தலையணை உறையில் சுற்றிய சுருள் ரேப்புகள். நகரத்துக்குள் இரண்டு இடத்தில் இவற்றைத் தொடவே மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"இதெல்லாம் என் அப்பா பதிவுசெய்தது" என்றார். ஆங்கிலத்தில்தான் பேசினார், ஒவ்வொரு சொல்லாக வைத்து வைத்து. "அவர் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட ஆசிரியர். செக் நாடு. ஜெர்மன் எல்லைக்குப் பக்கம்."

அப்பாவின் பள்ளிக்கூடத்துக்கு அரசாங்கம் ஒரு ரேப் ரெக்கோர்டர் கொடுத்ததாம், பிள்ளைகளுக்கு மொழி படிப்பிக்க. அவர் அதை ஒரு பழைய குழந்தை வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு, கல்யாணவீடு, அறுவடைக் கொண்டாட்டம் என்று எங்கே ஆட்டம் நடந்தாலும் போய்விடுவார். அவர் பிடித்தது எல்லாம் ஊர்ப்பழசான ஆட்டப் பாட்டுகள். வயலின், கிளாரினெற், ஆட்டுத்தோல் பையில் காற்றை அடைத்து வாசிக்கிற ஒரு வாத்தியம், இவ்வளவுதான் மேளம். ஆட விரும்புகிறவன் வாத்தியகாரர்களுக்கு முன்னால் வந்து நின்று தன் பாட்டைத் தனியே பாடிக் காட்ட வேண்டும். அதை அவர்கள் வாங்கி வாசிப்பார்கள், அவன் ஆடுவான். பாடத் தெரியாதவன் சுவரோரம் நிற்க வேண்டியதுதான்.

"சனிக்கிழமை எனக்கு விமானம்" என்றார். "ஊரில் அப்பாவின் பள்ளிக்கூடத்தைத் திருத்தித் திறக்கிறார்கள். பிள்ளைகள் அங்கே ஆடப்போகிறார்கள். இந்தப் பாட்டுகளை அந்தப் பிள்ளைகள் ஒருவரும் காதால் கேட்டதில்லை, தாளில் படித்ததோடு சரி. நான் கொண்டுபோகாவிட்டால் வேறு ஆள் இல்லை."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் ரேப்பைக் கையில் எடுத்துப் பார்த்ததும், வந்த வேலைதானே, மனதை வேறு பக்கம் திருப்பும் என்று நினைத்தேன். ஒப்புக்கொண்டேன்.

ரேப்புகள் கஷ்டமானவை. வாத்தியார் சிக்கனக்காரர், துண்டு துண்டாக ஒட்டி வைத்திருந்தார். ஒட்டெல்லாம் பசை காய்ந்து கிடந்தது. ஓடும்போது எந்த இடத்தில் விடும் என்று சொல்ல முடியாது. ஒரு கையைச் சுருளின்மேல் வைத்துக்கொண்டு, விட்ட கணமே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் ரேப் மடிந்து கிழிந்துவிடும். அப்படி உட்கார்ந்தால் எழும்ப முடியாது, கண்ணை எடுக்கவும் முடியாது.

நான் உள்ளே இருந்தபோது அவரும் உள்ளே வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். வேலை செய்யும்போது பக்கத்தில் ஆள் இருப்பது எனக்குப் பிடிக்காது. போகச் சொன்னேன், போகவில்லை. கிழவி லேசுப்பட்ட ஆளில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். முதல் ரேப்பைப் போட்டதும் ஓர் ஆணின் குரல் வந்தது. வகுப்பில் இடாப்புப் பார்த்துப் பெயர் கூப்பிடுவதுபோல என்னவோ நாலைந்து சொற்கள் சொன்னது. பாடுகிறவர் பெயர், ஊர், ஆட்டத்தின் பெயர் என்றார் அந்த அம்மா. அப்பாவின் குரல். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, கைகள் மட்டும் மடியில் இறுகியிருந்தன.

பாட்டு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கரில் தட்தட்தட் என்று இரைச்சல் கிளம்பியது. கைத்தொலைபேசி பக்கத்தில் இருந்தால், மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் ஸ்பீக்கரில் இப்படி இரையும். சிக்னல் கோபுரத்தோடு அது தானாகப் பேசிக்கொள்ளும்போதும் இரையும். நான் சுருளை விட்டுவிட்டுத் தொலைபேசியைக் கையில் எடுத்தேன். மணி அடிக்கவில்லை. இரைச்சல் மட்டும் பாட்டோடு சேர்ந்து பதிவாகியிருந்தது.

"அதை நிறுத்தி வையுங்கள்" என்றார் அவர்.

"முடியாது."

"அப்படியானால் வெளியே வையுங்கள்."

"அதுவும் முடியாது."

அவர் எழுந்தார். ரேப்பைக் கழற்றித் தரும்படி கையை நீட்டினார். "என் அப்பா இதைப் பதிவுசெய்தபோது கதவைத் திறந்த பிள்ளையைக்கூட ஏசியிருக்கிறார். நீங்கள் ஒரு தொலைபேசியை வைத்து வீணாக்குகிறீர்கள்" என்றார்.

எனக்கும் சூடு ஏறியது. "என் தங்கச்சி யுத்தத்துக்குள்ளே இருக்கிறாள். அவள் எடுத்தால் நான் தூக்க வேண்டும். உங்களுக்குப் பாட்டு வேண்டும் என்றால் வேறு இடம் பாருங்கள்" என்று கத்தினேன்.

"எந்த யுத்தம்?" என்று கேட்டார்.

அவரே யோசித்துப் பார்த்துவிட்டு, வீதியை மறித்து நிற்கும் ஆட்கள் நீங்கள்தானா என்று கேட்டார். தான் இருந்த ஸ்ரீற்கார் என்ற வீதி ரயில் அந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டதாகவும் அன்று தான் மிகவும் கோபப்பட்டதாகவும் சொன்னார். என் மனைவியும் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றார்கள் என்றேன். அவர் திரும்ப உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த யோசனையைச் சொன்னார். தொலைபேசியைத் தான் வைத்துக்கொண்டு வெளியே நிற்பதாகச் சொன்னார். நடைவழியின் முடிவில், மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு யன்னல் இருந்தது. அங்கிருந்து இரைச்சல் ஸ்ரூடியோவுக்கு எட்டாது. மணி அடித்தால் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிடுவதாகச் சொன்னார்.

மனைவியிடம்கூட நான் அதைக் கொடுத்ததில்லை. ஆனால் ஒரு விஷயம் என்னை ஏற்கனவே அரித்துக்கொண்டிருந்தது. பஞ்சுப் பலகை அடித்த அந்த அறைக்குள் தொலைபேசிக்குச் சிக்னல் மட்டுமட்டாகத்தான் கிடைக்கும். உள்ளே இருக்கும்போது அழைப்பு வந்தும் வராமல் போய்விட்டால்? யன்னலடியில் அது முழுதாகக் கிடைக்கும். அதனால்தான் சம்மதித்தேன்.

"உடனே தூக்க வேண்டும். மணி அடிக்க விட்டுவிட்டு என்னிடம் ஓடி வரக்கூடாது. அதற்குள் நின்றுவிடும்" என்றேன்.

"தூக்கி என்ன சொல்ல?"

"பொறுங்கோ, அண்ணை வாறார்."

அவர் அதைச் சொல்லிப் பார்த்தார். ற வரவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னேன். வாத்தியார் மகளுக்கு வாத்தியாரானேன். அண்ணை என்றால் யார் என்று கேட்டார். மூத்த சகோதரன், அது நான்தான் என்றேன். அன்று பின்னேரத்துக்குள் எங்கள் ஊர் ஆள் சொல்வதுபோலவே சொல்லத் தொடங்கிவிட்டார். நல்ல காது அவருக்கு. அதற்குப் பிறகு எனக்குக் கிழவி என்ற நினைப்பு வரவில்லை.

அப்படித்தான் அந்த வாரம் ஓடியது. நான் உள்ளே சுருளில் கைவைத்து உட்கார்ந்திருப்பேன். அவர் யன்னலடியில் தொலைபேசியை இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு நிற்பார். நாற்காலி போட்டுக் கொடுத்தேன், உட்காரவில்லை. ஒவ்வொரு ரேப் முடிந்ததும் நான் வெளியே ஓடி அவர் முகத்தைப் பார்ப்பேன். அவர் தலையை ஆட்டுவார், இல்லை என்று. கீழே கொத்துரொட்டிக் கடையில் தகடு தட்டும் சத்தம் படிவழியே வரும். அது நின்றால் எனக்கு எங்கோ மணி அடிப்பதுபோலிருக்கும்.

புதன்கிழமை ஒரு பாட்டு என்னைக் குழப்பியது. இரண்டுதட்டுத் தாளமாகப் போய்க்கொண்டிருந்தது திடீரென்று மூன்றுதட்டாகிவிட்டு, பிறகு திரும்ப இரண்டாகிறது. ஒட்டுகளில் துண்டு தொலைந்துபோயிருக்கிறது என்று நினைத்து, கொம்பியூட்டரில் அதை வெட்டி ஒரே தாளமாக ஒழுங்கு பண்ணினேன். கல்யாண வீடியோ செய்கிறவனுக்கு எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துகிற வியாதி உண்டு. அவரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். கேட்கக் கேட்க அவர் முகம் கறுத்தது.

"இது எங்கள் ஆட்டம் இல்லை. இதை வைத்து மாடுதான் ஆடும்" என்றார்.

பிறகு வெட்டாததைப் போடச் சொல்லி, தொலைபேசியை என் கையில் தந்துவிட்டு, முன்னறையில் அல்பங்களுக்கு நடுவே ஆடிக் காட்டினார். இரண்டுக்குச் சுழல்கிறார், மூன்றுக்கு நடை மாற்றுகிறார், சுவரில் இடிக்கப்போவதுபோல வந்து திரும்புகிறார். அந்த ஆட்டத்தின் பெயருக்கே குழப்பி என்றுதான் அர்த்தமாம். புதிதாக வருகிறவனைத் தடக்கி விழுத்துவதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். நான் பல கிழமைகளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன். சிரித்த கையோடு எனக்கு வெட்கமாக இருந்தது. தங்கச்சி அங்கே பங்கர் குழிக்குள் கிடக்க, நான் இங்கே ஒரு மனுசி ஆடுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஆடி முடித்து மூச்சு வாங்க உட்கார்ந்தவர், ஊர்க்கதை சொன்னார். அவர்களுடைய ஊரில் முன்பு செக் பேசுகிறவர்களும் ஜெர்மன் பேசுகிறவர்களும் இருந்தார்கள். குழப்பி இரண்டு பகுதியாருக்கும் பொது ஆட்டம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் ஜெர்மன் பேசியவர்களை லொறிகளில் ஏற்றி எல்லைக்கு அப்பால் அனுப்பிவிட்டார்கள். பாதி ஊர் வெறுமை. கிளாரினெற்காரனும் போய்விட்டான். அதற்குப் பிறகுதான் அப்பாவுக்கு இந்தப் பாட்டுகளைச் சேர்க்கிற விசர் பிடித்தது என்றார்.

கேட்டுக்கொண்டிருந்தேன், ஆனால் மனம் ஒட்டவில்லை. முடிந்த யுத்தத்தைப் பற்றிக் கதைக்கிற பொறுமை எனக்கு அப்போது இருக்கவில்லை. தொலைபேசியை அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

வியாழக்கிழமை காலை கடைசி ரேப். அவருடைய சித்தியின் கல்யாணத்தில் எடுத்தது. ஐம்பது வருடப் பழசு. அவர் சிறுபிள்ளையாக அந்த வீட்டில் நின்றிருக்கிறார். இதைத்தான் அவர் வாரம் முழுவதும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். உள்ளே இருந்து கேளுங்கள் என்றேன். மாட்டேன் என்றார், யன்னலடியில்தான் நிற்பேன் என்றார். ஒருவர் எனக்காக இவ்வளவு செய்யும்போது நானும் ஏதாவது செய்ய வேண்டுமே. அவர் வெளியே நிற்கத் தொடங்கியபின் நான் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டுதான் கேட்டேன். அன்று பெரிய ஸ்பீக்கர்களைப் போட்டு, கதவு சாத்தியிருந்தாலும் நடைவழியில் அவருக்குக் கேட்கட்டும் என்று சத்தத்தை உயர்த்தி வைத்தேன்.

வாத்தியார் வழமைபோலப் பெயர் சொன்னார். ஒரு கிழட்டுக் குரல் முன்னால் வந்து பாடியது. வாத்தியங்கள் அதை வாங்கின. பிறகு முழு வீடும் சேர்ந்துகொண்டது. பெண்கள் கூவுகிறார்கள், ஆண்கள் பலகைத் தரையில் காலால் அடிக்கிறார்கள், கோப்பைகள் உடைகிறமாதிரி ஒரு சத்தம். அந்த ரேப்பில் ஒட்டுகள் அதிகம். என் கை சுருளில் இருந்தது.

கதவு படாரென்று திறந்தது. அவர் தொலைபேசியை முன்னால் நீட்டிக்கொண்டு ஓடி வந்தார். "பொறுங்கோ, அண்ணை வாறார்! பொறுங்கோ, அண்ணை வாறார்!" என்று அதற்குள் சொல்லிக்கொண்டே வந்தார். நான் பாய்ந்தேன். நாற்காலி விழுந்தது. எனக்குப் பின்னால் ஓர் ஒட்டு விட்டு, ரேப் தரையில் கொட்டத் தொடங்கியது. தொலைபேசியை வாங்கிக் காதில் வைத்து, "தங்கச்சி! தங்கச்சி!" என்று கத்தினேன்.

ஒன்றுமில்லை. லைன் செத்துவிட்டது.

நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன் என்று நினைக்கிறேன். "யார்? யார் பேசினது? என்ன சொன்னது?"

அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். "பெண். முதலில் அண்ணை என்றாள். நான் நீங்கள் சொல்லித்தந்ததைச் சொன்னேன். அவள் பொறுத்துக்கொண்டிருந்தாள். நான் கதவைத் திறந்தேன். அப்போது ஏதோ சொன்னாள். பிறகு போய்விட்டாள்."

"என்ன சொன்னாள்?"

அவர் கண்ணை மூடி அதைத் தேடி எடுத்தார். அப்பாவின் பாட்டுகளைப் பிடித்த காது அது. என் தங்கச்சியின் இழுவையோடு அப்படியே சொன்னார்: "சரி, சரி. பரவாயில்லை."

நாங்கள் இரண்டு பேரும் யன்னலடியில் நின்றோம். நான் தொலைபேசியை வைத்திருந்தேன், அவர் என் முழங்கையைப் பிடித்திருந்தார். இனி வரும், இனி வரும் என்று பின்னேரம்வரை நின்றோம். ரேப் தரையில் கிடந்தது. நான் அதை எடுக்கப் போனபோது, "அதை விடுங்கள், உங்கள் தங்கச்சி திரும்ப அழைப்பாள்" என்றார். அவள் அழைக்கவில்லை.

பரவாயில்லை என்று எதற்குச் சொன்னாள்? அவளோடு நின்ற யாரிடமோ சொன்னாளா? லைன் அறுந்துகொண்டுபோனதற்குச் சொன்னாளா? நான் தூக்கவில்லை என்ற கோபத்தில் சொன்னாளா? கோபத்தில் அந்தச் சொல் வராது. கடன் கேட்டுக் கிடைக்காதவர்கள்தான் எழும்பிப் போகும்போது அப்படிச் சொல்வார்கள். நான் மனைவியிடம் கேட்டேன். அவள் அழுதாள்.

வெள்ளிக்கிழமை அறுந்த இடத்தை ஒட்டி வேலையை முடித்துக் கொடுத்தேன். அந்த அம்மா சீடிகளை வாங்கியபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. சனிக்கிழமை அவர் போய்விட்டார். திங்கட்கிழமை யுத்தம் முடிந்தது என்று செய்தி வந்தது. அன்று விக்ரோறியா தினம், கனடா முழுக்க விடுமுறை. பொழுதுபட்டதும் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த பூங்காவில் பிள்ளைகள் வாணம் விட்டார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. என் மனைவி எல்லா யன்னல்களையும் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். எனக்கு ஊர் உலகம் எல்லாவற்றின் மேலும் வெறுப்பாக இருந்தது.

பிறகு, தப்பியவர்களை அடைத்து வைத்த முகாம்களின் பெயர்கள் வந்தன. தெரிந்தவர்களின் தெரிந்தவர்கள் மூலம் தேடினோம். இருக்கிறார்கள் என்று ஒருவர், இல்லை என்று இன்னொருவர். ஜூன் நடுவில் அந்த அம்மா கடைக்கு வந்தார். ஊரில் பிள்ளைகள் ஆடினார்களாம், குழப்பியில் மேயரே தடக்கி விழுந்தாராம். சித்தியின் கல்யாண ரேப்பைப் போட்டதும் கிழடுகட்டைகள் எல்லாம் எழும்பி நின்று அழுதார்களாம். சொல்ல வந்த சந்தோஷத்தில் பாதிக்குமேல் சொல்லிவிட்டுத்தான் என் முகத்தைப் பார்த்தார்.

"எடுத்தாளா?"

"இல்லை" என்றேன். அவர் கொஞ்ச நேரம் முன்னறையில் இருந்துவிட்டுப் போனார்.

தங்கச்சி எடுத்தது அதற்கு இரண்டு கிழமைக்குப் பிறகு, ஒரு காலைநேரம். பிள்ளைகளுக்குப் பாணில் பட்டர் பூசிக்கொண்டிருந்தேன். மணி இரண்டாவது தரம் அடிப்பதற்குள் தூக்கிவிட்டேன்.

"அண்ணை."

கத்தி கையிலிருந்து விழுந்தது.

"அண்ணை, நான்தான். முகாமிலயிருந்து கதைக்கிறன். களவாத்தான் கதைக்கிறன். நானும் பிள்ளையும் இருக்கிறம்."

"அவர் எங்கையடி?"

"இவர் போயிட்டார் அண்ணை." அழவில்லை. அழுது முடித்த குரல். "கடைசிக் கிழமை. தண்ணி எடுக்கப் போன இடத்தில ஷெல் விழுந்தது. பின்னேரம்தான் தூக்கிக்கொண்டு வந்தவை. பங்கருக்குப் பக்கத்திலயே கிடங்கு வெட்டித் தாட்டம்."

மனைவி பக்கத்தில் வந்து நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்டைக்கே உங்களுக்குச் சொல்லத்தான் எடுத்தனான்" என்றாள். "சொன்னால் கொஞ்சம் ஆறும்போல இருந்தது. ஒரு மனிசி கதைச்சா. பொறுங்கோ எண்டா. பொறுத்தன். அண்ணை, ஒண்டு கேக்கட்டே?"

"கேளடி."

"அண்டைக்கு அங்கை ஆருக்குக் கலியாணம்?"

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"மேளச் சத்தம் கேட்டது. பொம்பிளையள் கூவினவை, ஆக்கள் காலடிச்சு ஆடினவை. கலியாண வீட்டுக்குள்ள போய் என்னண்டு செத்தவீட்டுச் செய்தி சொல்லுறது? அதுதான் பரவாயில்லை எண்டு வைச்சிட்டன். நீங்களாவது நல்லா இருக்கிறியள்தானே எண்டு நினைச்சன்."

"ஒருத்தருக்கும் கலியாணம் இல்லையடி" என்றேன். "அது ரேப்படி. வேலைக்கு வந்த ரேப். ஏதோ ஒரு நாட்டில அம்பது வருசத்துக்கு முந்தி நடந்த கலியாணம். அந்தப் பொம்பிளையும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. ஒருத்தரும் இல்லை."

அவளுக்குப் பின்னால் முகாமின் சத்தம் கேட்டது, யாரோ தண்ணீர் வரிசைக்கு ஆட்களைக் கூப்பிட்டார்கள்.

"அப்ப நான் சொல்லியிருக்கலாம், என்ன அண்ணை?" என்றாள்.